பட்டாதாரர் வெட்டிய கிணறு

திருவெள்ளறைக் கோயிலைத் தாண்டி, துறையூர் ரோட்டை விட்டு இறங்கி அரை மைல் நடந்தால் வீரமலை விளைச்சலில் பங்கு அளந்து வாரத்துக்கு உழுத நாலு ஏக்கர் காடு வரும். மழை பெய்தால் கம்பு, தப்பினால் கொள்ளு, ரெண்டும் இல்லாத வருஷம் வெறும் எருக்கு. அந்தக் காட்டின் மேற்கு மூலையில் வீரமலையும் அவன் பெண்டாட்டி மயிலம்மாளும் இரண்டு வருஷமாகக் கிணறு வெட்டிக்கொண்டிருந்தார்கள்.

கூலிக்கு ஆள் கிடையாது. அவன் கீழே நின்று வெட்டி அள்ளுவான். அவள் சும்மாட்டில் கூடையை வைத்துக்கொண்டு, பக்கச் சுவரில் செதுக்கி விட்டிருந்த படிகளில் ஏறி வந்து கொட்டிவிட்டு இறங்குவாள். முதலில் செம்மண், பிறகு சரளை, அதற்கும் கீழே சுக்கான் கல். ஊர் வேலை, அறுப்பு வேலை போக மீந்த நாளிலெல்லாம் இதுதான். கிணற்றைச் சுற்றிக் கொட்டிய மண் ஒரு கரடு மாதிரி எழும்பி நின்றது. ரோட்டில் போகிற வண்டிக்காரர்கள் அதைப் பார்த்து, "இங்க ஏதுய்யா புதுசா மேடு?" என்று கேட்டுவிட்டுப் போவார்கள். ரெண்டு ஆள் செய்த வேலை என்று சொன்னால் யாரும் நம்பவில்லை.

காட்டுக்குச் சொந்தக்காரர் ஸ்ரீரங்கம் சக்ரபாணி ஐயங்கார். அவரிடம் வீரமலை உத்தரவு கேட்டபோது, "வெட்டிக்கோடா, பெருமாள் கண் திறந்தா தீர்த்தம் வரட்டும்" என்றார். வாய்வார்த்தைதான். அடுத்த மாசியில் அவர் பரமபதித்துவிட்டார். காட்டை ஏற்கெனவே தம் ஒரே மகள் வைதேஹிக்குக் கல்யாணச் சீதனமாக, மஞ்சள்காணியாக எழுதி வைத்திருந்தார். அந்த அம்மாள் காட்டை ஒரு நாளும் பார்த்ததில்லை. வருஷா வருஷம் அவள் வீட்டுக்காரர் ராஜகோபாலன், ரயில்வே ஆபீஸில் குமாஸ்தா, வாரத் தானியத்தை வாங்கிப் போட்டுக்கொள்வார். அவ்வளவுதான் தொடர்பு. கிணறு வெட்டுகிற சேதியே அவருக்குத் தெரியாது.

முப்பத்து நாலு அடியில் பாறை வந்தது. கோயில் நிற்கிறதே, அதே வெள்ளைப் பாறை. கடப்பாரை பட்டால் நெருப்புப் பொறி பறந்ததே தவிர, ஒரு சில்லு பெயரவில்லை. ஆனால் பாறையின் ஒரு ஓரத்தில் வேர்த்த மாதிரி ஈரம் இருந்தது. மயிலம்மாள் காலையில் அதைத் துணியால் துடைப்பாள். மத்தியானம் பார்த்தால் மறுபடி வேர்த்திருக்கும்.

"உள்ளுக்குள்ள இருக்குங்க," என்பாள். "நம்ம சத்தம் கேட்டுக்கிட்டு இருக்கு."

அந்தத் தை மாசம் ஊரில் தமுக்கு அடித்தார்கள். சண்டையால் பர்மா அரிசி வரவில்லை. ஆகவே உணவு உற்பத்தியைப் பெருக்கவேண்டும். புதுக் கிணறு வெட்டுகிறவர்களுக்குச் செலவில் பாதியைச் சர்க்கார் திருப்பி வாங்காத மானியமாகத் தரும், வெடிமருந்தும் தரும் என்று.

வீரமலை, ஊர்க் கணக்கு எழுதும் கர்ணம் வீட்டுக்குப் போய் விசாரித்துவிட்டு வந்தான். மயிலம்மாள் வேப்பமரத்தடியில் கம்பங்கூழைக் கரைத்து வைத்திருந்தாள். அவன் உட்கார்ந்தான், கூழைத் தொடவில்லை.

"என்ன சொன்னாரு?"

"பட்டாதாரர் எழுதிக் குடுக்கணுமாம். நம்ம பேச்சு எடுபடாதாம்."

"பட்டாதாரருன்னா அந்த அம்மாவா?"

"ஆமா. அவுங்க கையெழுத்துப் போட்டாத்தான் மருந்து. கடைசியில மானியமும் அவுங்களுக்குத்தான் வருமாம்."

மயிலம்மாள் மோர்மிளகாயை அவன் பக்கம் நகர்த்தினாள். "நாம வெட்டுனதுக்கு?"

"நெலம் யாருதோ அவுங்களுக்குத்தானாம். பக்கத்துக் காட்டு ரெங்கராஜ் மூணு கெணத்துக்கு வாங்கிட்டாரு. அதுல ஒண்ணு அவரு பாட்டன் வெட்டுனது. சேறு வாரிப்புட்டு புதுசுன்னு காட்டுனாராம். கர்ணமே சொல்லிச் சிரிக்கிறாரு."

"காசு கெடக்கட்டும். இப்ப போயிச் சொன்னா கெணறு வெட்டுனது தெரிஞ்சுபோகும். தண்ணி வந்த காட்ட நம்மகிட்ட விட்டு வைப்பாங்களா?"

"சொல்லாட்டி மருந்து கெடைக்காது. பாறை பேராது. இன்னும் பத்து வருசம் ஈரத்தத் தொடச்சிக்கிட்டே உக்காந்திருப்பியா?"

மயிலம்மாள் எழுந்து போய்க் கிணற்றுக்குள் எட்டிப் பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு, "போயிட்டு வாங்க," என்றாள்.

மறுநாள் வீரமலை பன்னிரண்டு மைல் நடந்து, கொள்ளிடத்தைத் தாண்டி, உத்தர வீதிக்குப் போய்ச் சேர்ந்தான். ராஜகோபாலன் ஆபீஸுக்குக் கிளம்பிக் குடையும் கையுமாக வாசலில் நின்றார். வீரமலை சொன்னதை முதலில் பாதி காதில்தான் கேட்டார். மானியம் என்ற சொல் வந்ததும் குடையைச் சுவரில் சாய்த்தார்.

"கிணறா? நம்ம காட்டிலேயா? யார் வெட்டச் சொன்னா?"

"பெரிய சாமிதான் உத்தரவு குடுத்தாங்க."

"எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லப்படாதோ? சரி, போகட்டும். பட்டாதாரருக்குத்தான் மானியம்னு கர்ணமே சொன்னாரா? நன்னாக் கேட்டியா?"

"கேட்டேனுங்க."

ராஜகோபாலன் உள்ளே போய்க் காகிதமும் பேனாவும் கொண்டுவந்தார். வைதேஹி அம்மாள் நிலைப்படிக்கு உள்புறம் வந்து நின்றாள். முப்பது வயசிருக்கும். கையெழுத்துப் போடுமுன் வீரமலையைப் பார்த்துக் கேட்டாள்.

"எத்தனை ஆழம் போயிருக்கு?"

"முப்பத்து நாலு அடிங்கம்மா."

அவளுக்கு அது விளங்கவில்லை. அவள் பிறந்து வளர்ந்ததெல்லாம் தீவு. ஒரு பக்கம் காவேரி, மறுபக்கம் கொள்ளிடம். ஐப்பசியில் கொல்லைக் கிணற்றில் குனிந்து சொம்பால் மொள்ளலாம். "முப்பத்து நாலு அடி வரைக்கும் தீர்த்தமே இல்லையா?" என்றாள்.

"இல்லீங்கம்மா. பாறையில வேர்வதான் இருக்கு."

அவள் பேனாவை வாங்கிக் கையெழுத்துப் போட்டாள்.

மாசி பிறந்ததும் மருந்து வந்தது. அதை வைக்கத் திருச்சியிலிருந்து லைசென்ஸ்காரர் ஜெகபர் சாதிக் வந்தார். கல் உடைப்பதிலேயே தாடி நரைத்தவர். கிணற்றில் இறங்கிப் பாறையை உள்ளங்கையால் தட்டித் தட்டிக் காது கொடுத்துக் கேட்டார். மேலே வந்து, "யாரு யாரு வெட்டுனீங்க?" என்றார்.

"நானும் இதுவும்," என்று வீரமலை பெண்டாட்டியைக் காட்டினான்.

அவர் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். "மாஷா அல்லா," என்றார்.

மூன்று நாள் வீரமலை துளை போடும் தமர்க் கம்பியைப் பிடிக்க, அவர் காட்டிய இடத்தில் குழி அடித்தார்கள். மருந்தைக் கெட்டித்துத் திரியைக் கொளுத்திவிட்டு ஜெகபர் சாதிக் படியேறி ஓடிவந்தார். எல்லோரும் வேப்பமரத்துக்குப் பின்னால் பதுங்கினார்கள். பூமி ஒரு தரம் குலுங்கியது. கிணற்று வாயிலிருந்து புகையும் கல்லும் பனைமர உயரம் எழும்பி விழுந்தன. வேப்பஞ்சருகு தலையில் கொட்டியது. ரோட்டில் மாடுகள் மிரண்டு ஓடின.

அப்புறம் ஒரு நிசப்தம். அந்த நிசப்தத்துக்குள் ஒரு சத்தம். அடுப்பில் உலை கொதிக்கிற மாதிரி, விடாமல்.

மயிலம்மாள்தான் முதலில் ஓடினாள். "இரும்மா, கல்லு உருளும்!" என்று ஜெகபர் சாதிக் கத்தியதைக் கேட்கவில்லை. புகைக்குள் படியிறங்கிப் போனாள். பாறை இரண்டாகப் பிளந்து கிடந்தது. பிளவின் நடுவிலிருந்து முழங்கைத் தண்டி தண்ணீர் பீறிட்டு எதிர்ச் சுவரில் மோதிக்கொண்டிருந்தது. அவள் குடிக்கவில்லை, முகம் கழுவவில்லை. கையை நீட்டி அந்த வாயை உள்ளங்கையால் பொத்தினாள். தண்ணீர் அவள் கையைத் தள்ளியது. இன்னும் அழுத்தினாள். இன்னும் தள்ளியது.

"தள்ளுதுங்க," என்று மேலே பார்த்துக் கத்தினாள். "உசுருள்ளது மாதிரி தள்ளுதுங்க!"

வீரமலை படியில் பாதியில் நின்றவன் அங்கேயே உட்கார்ந்துவிட்டான். மேலே நின்ற ஜெகபர் சாதிக் தலைப்பாகையை அவிழ்த்து முகத்தைத் துடைத்துக்கொண்டார். பொழுது சாய்வதற்குள் கிணற்றில் மார்பளவு தண்ணீர். சேதி கேட்டு வந்த ஊர் ஜனங்கள் இரைச்சலே இல்லாமல், கோயிலில் திரை விலகக் காத்திருக்கிற மாதிரி விளிம்பைச் சுற்றி நின்றார்கள்.

நாலு நாள் கழித்து ரெங்கராஜ் வந்தார். கிணற்றை ஒரு சுற்றுச் சுற்றினார். கல்லைப் போட்டு ஆழம் பார்த்தார். வீரமலை, மாடு பூட்டித் தண்ணீர் இறைக்கும் கவலைக்காகக் கல் தூண் நட்டுக்கொண்டிருந்தான்.

"ராசியான ஊத்துடா," என்றார் ரெங்கராஜ். "கவலைய இந்தப் பக்கம் வைக்காத. கெழக்கால வச்சா எனக்கு வாய்க்கா எடுக்கத் தோதா இருக்கும்."

"உங்களுக்கு எதுக்குங்க வாய்க்கா?"

"ஒங்கிட்ட சொல்லலியா? ரயிலாபீசு சாமி பேசிட்டாரு. மானியம் கைக்கு வந்ததும் சித்திரையில எனக்குக் கிரயம். நீ வருத்தப்படாத, எங்கிட்ட கூலிக்கு நில்லு."

அன்று வீட்டில் அடுப்பு மூட்டவில்லை. வீரமலை கிணற்றுமேட்டில் முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். "நீ அன்னிக்கே சொன்ன புள்ள," என்றான். மயிலம்மாள், "சர்க்கார் ஆளு பாக்க வர்றப்ப அந்த அம்மாவும் வருமா?" என்று கேட்டாள்.

"பட்டாதாரர் நேர்ல வந்துதான் கையெழுத்துப் போடணுமாம்."

"சரி. தூண நட்டு முடிங்க."

வருஷக் கணக்கு முடிவதற்குள் கிணற்றைப் பார்த்துச் சான்று எழுத வேண்டும் என்பதால், பங்குனிப் பாதியில் ஆள் வந்தார். விவசாய இலாகாவைச் சேர்ந்த ஸ்தனிஸ்லாஸ். காக்கி அரைக்கால் சட்டை, கழுத்தில் மெல்லிய கயிற்றில் சிலுவை, சைக்கிளின் பின்னால் கட்டிய காகிதக் கட்டு. கொஞ்ச நேரத்தில் கரிப்புகையில் ஓடுகிற கரி பஸ்ஸிலிருந்து இறங்கி ராஜகோபாலனும் வைதேஹி அம்மாளும் நடந்து வந்தார்கள். மடிசாரைக் கணுக்காலுக்கு மேல் லேசாகத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, சுடுகிற மண்ணில் வெறுங்காலோடு அவள் வந்தாள். வழியெல்லாம் வெடித்த கரம்பு. ஒரு பச்சை இல்லை.

மண்மேட்டில் ஏறியதும் அவள் நின்றாள். கீழே பார்த்தாள். ஒரு வீடு உள்ளே இறங்கிப் போகிற அளவுக்கு அகலம். செம்மண் பட்டை, சரளைப் பட்டை, சுக்கான் பட்டை, எல்லாவற்றுக்கும் கீழே பால் மாதிரி வெள்ளைப் பாறை, பாறையின் மடியில் தண்ணீர். வெயிலின் ஒரு துண்டு அதில் விழுந்து சுவரெல்லாம் ஆடிக்கொண்டிருந்தது. பக்கச் சுவரில் படிகள். ஒவ்வொரு படியின் நடுவிலும் ஒரு குழிவு.

"அந்தக் குழி என்ன?" என்று கேட்டாள்.

"என் காலுங்கம்மா," என்றாள் மயிலம்மாள். "ஏறி எறங்குன தேய்மானம்."

வைதேஹி அம்மாள் தான் ஏறி நிற்கிற மண்மேட்டைப் பார்த்தாள். மறுபடி கிணற்றைப் பார்த்தாள். இந்த மேடு முழுக்க அந்தக் குழிவுகளின் வழியாகத்தான் வந்திருக்கிறது என்பது அப்போதுதான் அவளுக்குப் புரிந்தது போலிருந்தது. பெருமாள் சன்னதியில் நிற்கிற மாதிரி அவள் கைகள் தாமாகக் குவிந்து, பாதியில் நின்றன.

"ஏன்னா," என்றாள் மெதுவாக, "இதை ரெண்டு மனுஷா பண்ணியிருக்கா."

"பாத்து நில்லு, மண் சரியும்," என்றார் ராஜகோபாலன்.

ஸ்தனிஸ்லாஸ் நாடாவைப் போட்டு அளந்துகொண்டார். "தண்ணி பாயுறத கண்ணால பாத்தாத்தான் நான் எழுத முடியும். கவலைய ஓட்டுங்க," என்றார். வீரமலையின் சொந்த மாடு ஒன்று, இரவல் மாடு ஒன்று. அவன் வடத்தின்மேல் உட்கார்ந்து மாடுகளைச் சரிவில் இறக்கினான். உருளை கிறீச்சிட்டது. சால் மேலே வந்து, தோல் வாய் விரிந்து, தொட்டியில் முதல் தண்ணீர் கொட்டியது. மண் வாய்க்காலில் நுரைத்துக்கொண்டு ஓடியது. வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் மயிலம்மாள் கேழ்வரகுக்குக் கட்டியிருந்த பாத்திகள் வரிசையாகக் காத்திருந்தன.

வேப்பமரத்தடியில் ஸ்தனிஸ்லாஸ் ஃபாரத்தை எடுத்தார்.

"பட்டாதாரர் பேரு?"

"வைதேஹி அம்மாள்," என்றார் ராஜகோபாலன்.

"கிணறு புதுசு. பட்டாதாரர் தம் சொந்தச் செலவுல வெட்டினதா?"

"ஆமாம் சார். ஆள் வெச்சு வெட்டினோம்."

"அம்மா சொல்லணுங்க."

வைதேஹி அம்மாள் வாய்க்காலையே பார்த்துக்கொண்டிருந்தாள். திரும்பாமலே, "இல்லை," என்றாள்.

"வைதேஹி!"

"நான் வெட்டலை. நீங்களும் வெட்டலை. ஒரு காலணா நம்மாத்திலேர்ந்து போகலை. எப்படி ஆமாங்கறது?"

ஸ்தனிஸ்லாஸ் பேனாவை மூடினார். "அப்படி எழுதினா மானியம் யாருக்குமே கிடையாதுங்கம்மா. வெட்டினவங்க பேருக்கு இந்த ஃபாரத்துல இடமே இல்ல. நானும் இந்த ஜில்லா பூராவும் பாத்துட்டேன். எத்தனையோ கிணறு. வெட்டினவங்கள ஒரு எடத்துலயும் எழுதினதில்ல." பிறகு தணிந்த குரலில், "இந்த மாதிரி ஒண்ணை நான் பாத்ததும் இல்ல," என்றார்.

உருளை மட்டும் கிறீச்சிட்டது. மயிலம்மாள் மண்வெட்டியைக் கீழே வைத்துவிட்டு அருகே வந்தாள்.

"எழுதுங்க சார். அவுங்கதான் வெட்டுனாங்கன்னே எழுதுங்க. காசும் அவுங்களுக்கே போவட்டும்." வைதேஹி அம்மாளைப் பார்த்தாள். "அதுக்குப் பதிலா எனக்கு ஒண்ணு வேணும்மா. இந்தக் காட்ட ரெங்கராஜுக்கு விக்கப் போறதாச் சொல்றாங்க. நாங்க ரெண்டு பேரும் இருக்கற மட்டும் எங்கள எறக்கிவிடாம இருக்க ஒரு சீட்டு எழுதிக் குடுங்க. வாரம் ஒழுங்கா அளந்துடுவோம். தண்ணியப் பாத்துட்டோம்மா. இனிமே விட்டுட்டுப் போவ முடியாது."

வைதேஹி அம்மாள் கணவரைப் பார்த்தாள். "விக்கப் போறேளா?"

ராஜகோபாலனின் முகம் சிவந்தது. "உங்கிட்ட சொல்லணும்னுதான் இருந்தேன். தண்ணி இருக்கற காட்டுக்கு நல்ல விலை. மாடி கட்டலாம்னு. நமக்கு எதுக்கு இந்தக் கட்டாந்தரை? நீ ஒரு நாளாவது வந்து பாத்திருப்பியோ?"

"இல்லை. இன்னிக்குத்தான் பாக்கறேன்."

"வாரத்துக்கு உழறவாளுக்குச் சீட்டு எழுதித் தர வழக்கம் ஏதாவது உண்டோ? நாளைக்கு நம்மால ஒண்ணும் பண்ண முடியாம போயிடும்."

"அப்பா எனக்குக் குடுத்த காணி இது. என் கையெழுத்துக்காகத்தானே இந்த வெயில்ல என்னை அழைச்சுண்டு வந்திருக்கேள்? முதல்ல சீட்டு. அப்புறம் ஃபாரம். சீட்டு வேண்டாம்னா ஃபாரமும் வேண்டாம். அடுத்த பஸ்ஸுக்குப் போகலாம்."

அவள் குரலை உயர்த்தவில்லை. ஆனால் ராஜகோபாலன் பதினைந்து வருஷத்தில் கேட்காத குரல் அது. அவர் ஸ்தனிஸ்லாஸைப் பார்த்தார். ஸ்தனிஸ்லாஸ் காகிதக் கட்டிலிருந்து ஒரு வெள்ளைத் தாளை உருவி மடியில் வைத்துக்கொண்டு, "வாசகம் சொல்லுங்க, நான் எழுதுறேன். சாட்சியாவும் போடுறேன்," என்றார்.

வீரமலையும் மயிலம்மாளும் உயிரோடு இருக்கும்வரை அந்த நாலு ஏக்கரையும் கிணற்றையும் அவர்களே வைத்துப் பயிரிடலாம், யாருக்கு விற்றாலும் இந்தச் சீட்டுக்குக் கட்டுப்பட்டே விற்கவேண்டும் என்று எழுதி முடித்தார். வைதேஹி அம்மாள் முத்து முத்தாகக் கையெழுத்திட்டாள். மயிலம்மாள் கட்டைவிரலில் மசியை ஒற்றியபோது, மண்ணும் காய்ப்புமாக இருந்த விரலில் ரேகையே விழவில்லை. மூன்று தரம் ஒற்றி, நாலாவது தரம்தான் ஒரு மங்கலான வட்டம் வந்தது. ஸ்தனிஸ்லாஸ் அதை ஊதிக் காயவைத்தார். வீரமலை கவலையை நிறுத்திவிட்டு வந்து பெருவிரலை வைத்துவிட்டு, மறுபடி ஓடிப்போய் வடத்தில் உட்கார்ந்தான்.

பிறகு அந்த அம்மாள் ஃபாரத்திலும், கேட்ட இடத்திலெல்லாம் ஆமென்று சொல்லிக் கையெழுத்திட்டாள். மானியம் வைகாசியில் ஸ்ரீரங்கம் போய்ச் சேர்ந்தது. உத்தர வீதி வீட்டில் மாடி எழுந்தது. சீட்டைப் பற்றிக் கேள்விப்பட்டதும் ரெங்கராஜ் கிரயத்திலிருந்து விலகிக்கொண்டார். சர்க்கார் புத்தகத்தில் அந்தக் கிணற்றை வெட்டியவள், கூடை தூக்கி அறியாத ஒரு ஸ்ரீரங்கத்து அம்மாள் என்றே இருக்கிறது.

அதெல்லாம் பின்னால். அன்றைக்கு வெயில் தாழ ஆரம்பித்தும் தண்ணீர் கடைசிப் பாத்திக்குப் போய்ச் சேரவில்லை. எத்தனை வருஷத்துத் தாகமோ, ஒவ்வொரு பாத்தியும் குடித்துக்கொண்டே இருந்தது. வெடிப்புகளுக்குள் தண்ணீர் இறங்கும்போது புஸ் புஸ் என்று மண் மூச்சு விட்டது. எறும்புகள் முட்டையைத் தூக்கிக்கொண்டு வரப்பேறின. வானத்தில் ஒன்றுமே இல்லாத இடத்திலிருந்து நாலு கொக்குகள் வந்து இறங்கின. இந்தக் காட்டில் தண்ணீர் வந்திருக்கிறதென்று அவற்றுக்கு யார் சொன்னார்களோ. சைக்கிளில் ஏறப்போன ஸ்தனிஸ்லாஸ் ஏறாமல் ஹாண்டில்பாரைப் பிடித்தபடி நின்றார்.

ரோட்டிலிருந்து ராஜகோபாலன் கூப்பிட்டார். "பஸ் வர நேரமாச்சு!"

"இதோ," என்றாள் வைதேஹி அம்மாள். நகரவில்லை. வாய்க்காலில் குனிந்து, ஓடுகிற தண்ணீரை இரண்டு கையாலும் அள்ளிக் குடித்தாள். காவேரித் தண்ணீரின் ருசி இல்லை. கல்லின் ருசி. இன்னொரு கை அள்ளினாள். பிறகு பாத்திகளின் வரப்பைப் பிடித்தே கடைசி மூலைக்கு நடந்து போய்க் காய்ந்த மண்ணில் நின்றுகொண்டாள்.

மயிலம்மாள் கடைசி மடையை வெட்டித் திறந்துவிட்டு நிமிர்ந்தாள்.

"அம்மா, வெறுங்காலோட நிக்கிறீங்களே. மண்ணு நெருப்பா இருக்கும், இப்படி வாங்க."

தண்ணீர் செத்தையையும் நுரையையும் தள்ளிக்கொண்டு, ஒரு கணம் தயங்கி, பிறகு பாத்தி முழுக்கப் பரவியது. வைதேஹி அம்மாள் மடிசாரைத் தூக்கிப் பிடிக்கக்கூட மறந்து, குனிந்து தன் காலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இல்லை மயிலம்மா," என்றாள். "இப்போ சுடல்லே."